ஹேமாவதி புத்தகத்தில் மச்சான் பேர்

முடிச்சூர் ரோட்டில் கிரில் கேட் அடிக்கும் ஜெயவேலுவுக்கு யார் எதிரிலும் கை கட்டி நின்று பழக்கமில்லை. வந்து நிற்பவர் வக்கீலானாலும் வாத்தியாரானாலும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ரேட்டு இதான் சார். புடிச்சா எடு, புடிக்கலன்னா அந்தாண்ட ரெண்டு கடை கீது" என்பார். ஆனால் ஒரே ஒருவன் வந்து நின்றால் மட்டும் அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அவன், ஜெயவேலுவின் பெண்டாட்டி ஹேமாவதிக்குத் தம்பி, ஏகநாதன்.

ஒரு காலத்தில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்தான். சிறுசேரியில் கம்பெனிகள் வந்தன, இவன் ஒரு வேன் எடுத்து ஆள் ஏற்றினான். ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு. இடுப்பு பெல்ட்டில் செல்போன், கையில் எப்போதும் ஒரு ஸ்வீட் பாக்கெட். "இன்னா மாமா, இன்னும் நீங்களேதான் கேட்டு அடிக்கிறீங்களா?" என்று அவன் கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் ஜெயவேலுவுக்கு இன்னும் பொறுக்காது.

ஜெயவேலு, ஹேமாவதி இருவருக்கும் பிள்ளை இல்லை. சம்பாதிப்பது இவர் ஒருத்தர். அவள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பதில் பூவுக்கும் பாக்குக்கும் தேறும், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தபாலாபீஸ் சேமிப்பு ஏஜெண்ட் ஸ்ரீநிவாசராகவன், தன் வீட்டு மாடிக்குக் கம்பி அடிக்கச் சொல்ல வந்த இடத்தில், கம்பியை விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு எந்த ஆபீஸ்லேர்ந்து பென்ஷன் வரப்போறது? பி.பி.எஃப்.ல சேமிப்புக் கணக்கு போடும். பதினஞ்சு வருஷம். உம்ம பேர்ல ஒண்ணு, வீட்டம்மா பேர்ல ஒண்ணு."

"அது எதுக்கு சார் ரெண்டு? சம்பாதிக்கிறது நான் ஒருத்தன்தான்?"

"சம்பாதிக்கிறது ஒருத்தர். வயசாகறது ரெண்டு பேருக்கும்தானே?"

அந்தப் பேச்சு ஜெயவேலுவுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஹேமாவதியிடம் பெருமையாகச் சொன்னார்: "நான் உன்னவிட பத்து வயசு பெரியவன். எனக்கப்புறம் நீ எவன் கையையும் பாக்கக்கூடாது. இது அதுக்குத்தான்." ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து அவளிடம் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். வருஷத்துக்கு ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். கேட்டில் வந்தது, ஜன்னல் கம்பியில் வந்தது, எல்லாம் அதில் போனது.

இரண்டாயிரத்தைந்து மார்ச்சில் ஏஜெண்டுக்கு முட்டி ஆபரேஷன். பணத்தையும் இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஜெயவேலுவே தபாலாபீசுக்குப் போனார். ஹேமாவதி புத்தகத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் புதுப் புத்தகம் எழுத எடுத்தார்.

"நாமினி ஏகநாதன், தம்பி. அப்படியே போட்டுடட்டுமா?"

"யாரு?"

"ஏகநாதன் சார். அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்னு எழுதிக் குடுத்த பேரு."

ஜெயவேலு புத்தகத்தை வாங்கி அந்தப் பேரை ஒருமுறை பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். கொண்டுபோன இருபத்துநாலாயிரத்தையும் தன் புத்தகத்திலேயே கட்டிவிட்டு வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து வெல்டிங் ராடைப் பற்றவைக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். பொறி பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை. ராத்திரியில் கண் மணலாக உறுத்தும். இவ்வளவும் யாருக்கு? ஏற்கெனவே நாலு வேன் வைத்திருப்பவனுக்கு. தாலி கட்டியவன் இங்கே கல்லு மாதிரி நிற்க, அவளுக்குத் தம்பி பேர்தானா வந்தது? அடுத்த வருஷமும் அவள் கணக்கில் கட்டவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

நடுவில் ஏகநாதன் கேளம்பாக்கத்தில் வீடு கட்டினான்.

"மாமா, கேட்டு நீங்கதான் அடிக்கணும். ரேட்டு நீங்க சொல்றதுதான்."

பேரம் பேசட்டும், நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று ஜெயவேலு ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். அவன் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். கூடுதலாக வந்த பதினைந்தாயிரத்தைத் தொட மனசில்லாமல் டூல் பெட்டி அடியில் போட்டுவைத்தார். கிரகப்பிரவேசத்தன்று ஹேமாவதி தம்பி எடுத்துக் கொடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கேட்டைத் தடவித் தடவி, "எங்க தம்பி வூட்டு கேட்டு" என்று வந்தவர்களிடம் காட்டினாள். அடித்தவன் பேரைச் சொல்லவில்லை. ஜெயவேலு பாயசத்தை இலையோடு மூடிவிட்டு எழுந்தார்.

இரண்டாயிரத்தெட்டு மார்ச் கடைசி வாரம். ஏஜெண்ட் மொபெட்டைப் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"ஏன்யா, அம்மா கணக்குக்கு இந்த வருஷமும் ஐந்நூறுதானா? பதினஞ்சு வருஷம் முடிஞ்சு அதுல ஒரு ஃப்ரிட்ஜ்கூட வாங்க முடியாதேய்யா."

"இன்னா ஐந்நூறு சார்?"

"கணக்கு செத்துப்போகாம இருக்க வருஷத்துக்கு ஐந்நூறாவது கட்டணுமே. நீர் நிறுத்தினப்புறம் அவாதான் கட்டறா. விட்டுப்போன வருஷத்துக்கு அபராதம் அம்பதும் சேர்த்து. அத்தனையும் பத்து ரூபா நோட்டு. ஃபால்ஸ் தெச்ச காசாம். உமக்குத் தெரியாதா?"

ஜெயவேலு வெல்டிங் மெஷினை அணைத்தார். வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். ஹேமாவதி மடியில் புடவையோடு உட்கார்ந்து ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் புக்குல உன் தம்பி பேரு இன்னாத்துக்கு?"

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "அதானா? மூணு வருஷமா இத்ததான் வயித்துல வெச்சிகினு சுத்தினீங்களா? நான் வேற ஏதோ கடன் ஆயிடுச்சின்னு இல்ல வாயத் தொறக்காம இருந்தேன்."

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"நீங்கதான சொன்னீங்க, உங்களுக்கப்புறம் எனக்கு இதுன்னு? ஏஜெண்ட் சார் ஃபாரத்த வெச்சிகினு, உங்களுக்கப்புறம் யாரும்மான்னு என்னக் கேட்டாரு. எனக்கப்புறம்னா, அதுக்கும் முன்னாடியே நீங்க போயிருப்பீங்க இல்ல? இல்லாதவரு பேரையா எழுதுவாங்க?"



"அப்போ ஃபாரத்துலயே என்ன சாவடிச்சிட்ட?"

"நான் எங்க சாவடிச்சேன்? பத்து வயசுன்னு கணக்கு சொன்னது யாரு?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி, எனக்குக் கட்டாத காச இன்னா பண்ணீங்க?"

"என் புக்குல போட்டேன். அதுல நாமினி நீதான்டி! நான் உன் பேரத்தான் எழுதினேன்." இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

ஹேமாவதி மடியிலிருந்த புடவையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்தக் காசு என் கைக்கு வரணும்னா நீங்க போய்ச் சேரணும். என் புக்குல இருந்தா, நீங்க இருக்கும்போதே எனக்குன்னு ஒரு காசு இருந்திருக்கும். மருந்து மாத்திரைக்கு உங்ககிட்ட கையேந்தியிருக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, யாரு யாரச் சாவடிச்சா?"

விட்ட மூன்று வருஷத்து வட்டி இனிக் கிடைக்காது என்று ஏஜெண்ட் வேறு சொல்லியிருந்தார். ஜெயவேலு பட்டறைக்குத் திரும்பி, டூல் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த பதினைந்தாயிரத்தை எடுத்தார். கையிலிருந்த பன்னிரண்டாயிரத்தையும் அதோடு சேர்த்தார். டூல் பெட்டிப் பணம் யாருடையது என்று கடைசி வரை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் இருவருமே தபாலாபீசுக்குப் போனார்கள். அவள் கணக்கில் பணம் கட்டியானதும் நாமினி மாற்றும் ஃபாரத்தைக் கவுண்டர்காரர் நீட்டினார்.

"தம்பி பேர எடுத்துடணுமாம்மா?"

"அவன் பேரும் இருக்கட்டும் சார். இவர் பேரையும் சேத்துக்குங்க. இவரு எனக்கு முன்னாடி சாவறதா இல்லையாம்."

"ரெண்டு பேர்னா பங்கு எழுதணும். பாதிப் பாதி போடவா?"

"போடுங்க சார்."

ஜெயவேலு கவுண்டர் கம்பிக்குள் தலையை நீட்டினார். "எனக்கு அம்பத்தொண்ணு போடு சார். அவனுக்கு நாப்பத்தொம்போது."

கவுண்டர்காரர் பேனாவைத் தூக்கியபடி ஹேமாவதியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அந்த ஒண்ணுல உங்களுக்கு இன்னாதான் வந்துடப்போவுது?"

"அவன்கிட்ட நாலு வேன் கீது" என்றார் ஜெயவேலு. "நீ எழுது சார்."