அட்டையில் நான் எழுதிய நான்கு

ஸ்பிரிட் வாசனை, தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேன், ஜன்னல் வழியே கோட்டைப் பாறையிலிருந்து வரும் அனல்... செஞ்சியில் ஒரு எச்.ஐ.வி சிகிச்சை மையத்தில் பதிவேடு எழுதுவதுதான் என் முதல் வேலை.

பதிவேட்டில் "நிலை" என்று ஒரு கட்டம் உண்டு. கிருமி இருந்தும் தெம்பாக இருந்தால் ஒன்று. உடம்பு மோசமாக ஆக இரண்டு, மூன்று. நான்கு என்றால் எய்ட்ஸ். எத்தனை பேர் எந்த நிலையில் என்று மேலே கணக்கு அனுப்ப அது வேண்டும்.

அதோடு விட்டோமா? ஒவ்வொரு தடவையும் அந்தத் தடி நோட்டைப் புரட்டச் சோம்பல்பட்டு, நோயாளியின் கை அட்டையிலும் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதிவிடுவோம். அப்படி ஒரு புத்திசாலித்தனம்!

அனந்தபுரத்து கற்பகம் அக்காவுக்கு நான்தான் "4" போட்டேன். அப்போது அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு வருஷம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தேறி, கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டார். படுத்திருந்தபோது தொண்டூரில் கணவரின் அண்ணன் வீட்டில் விட்ட மகளைத் திரும்பக் கூட்டிவரப் போனார். அந்த மனிதர் அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்ப மறுத்துவிட்டாராம்.

"நாலாவது ஸ்டேஜின்னா கடைசியாம் சார். சாவப் போறவளுக்குப் புள்ள இன்னாத்துக்குன்றாரு. அத்த அழிச்சிட்டு ஒன்னு போட்டுக் குடு சார்."

மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"ஏறுனது ஏறுனதுதாம்பா. தேறிட்டாங்கன்னு எறக்குனா கணக்கு கொழம்பிடும்."

அக்காவிடம் அதையே சொன்னேன்.

"நானே எழுந்து வேலைக்குப் போறேன். உங்க நோட்டு மட்டும் எறங்க மாட்டேங்குதா?" என்று கத்தினார்.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. விதியின் மேல், அதிகாரியின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் சிவப்புப் பேனாவின் மேல்.

நோட்டைத் தொட முடியாது... அட்டை என் கையில்தானே இருந்தது? கிழித்துப் போட்டேன். எண் இல்லாமல் புது அட்டை எழுதிக் கொடுத்தேன்.

அந்த மனிதர் அதையும் நம்பவில்லை. மறுவாரம் அக்காவோடு மகளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே விசாரிக்க வந்துவிட்டார். அது கணக்குக்குப் போட்ட எண், ஆயுசுக்குப் போட்டது இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருவழியாகத் தலையாட்டினார்.

மகளுக்கு எட்டு வயது இருக்கும். அம்மாவிடம் போகவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா எப்ப சாவும் சார்?"

அன்று அம்மாவோடுதான் கிளம்பிப் போனாள். ஆனால் பஸ் ஏறும்வரை அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். தொற்று உறுதியானால் நிலை பார்த்துக் காத்திருக்காமல் உடனே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவோ மேல். ஆனாலும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது கை அட்டையில் நிலையைக் கிறுக்கினால் கத்திவிடுகிறேன்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு சார் இவ்ளோ டென்ஷன்?" என்கிறார்கள்.

அவர்களிடம் எந்தப் பிள்ளையும் வந்து அப்படிக் கேட்டதில்லை. கேட்காமலே இருக்கட்டும்.