திறந்து பார்க்கப்பட்டது

விமானச் சரக்குக் கொட்டகையின் மூன்றாவது சன்னலில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு அங்கே வழங்கிய பெயர் முத்திரை. வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ரப்பர் முத்திரையை மைத்தட்டில் இரண்டு தடவை ஒற்றி, ரசீதின் வலது மூலையில் கோடு பிசகாமல் ஓங்கிக் குத்துவார். சத்தம் எடைமேடை வரைக்கும் கேட்கும். “முத்திரை சார் இன்னைக்கு வீட்ல திட்டு வாங்கிட்டு வந்திருக்கார்டா” என்று சுமை தூக்குகிறவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அந்த முத்திரையில் ‘திறந்து பார்க்கப்பட்டது’ என்று இருந்தது. அனுப்புகிறவர் கண்ணெதிரே பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, மூடிய பிறகுதான் அதைக் குத்த வேண்டும். அவர் அதை ஒழுங்காகவே செய்து வந்தார், ஒரே ஒருவருடைய பெட்டியைத் தவிர.

அந்த ஒருவர் ரேடியோக்காரர். பழைய ரேடியோக்களைப் பழுது பார்த்து வெளிநாட்டில் இருக்கும் அவற்றின் உரிமையாளர்களுக்கு அனுப்புகிறவர். சந்து முனையில் ஒரு கதவு அகலத்தில் கடை. மாதம் ஒரு பெட்டி வரும். மெல்லிய பலகையில் அவரே செய்த பெட்டி. மூடிக்குப் பதினெட்டுத் திருகாணி. ஒவ்வொன்றின் தலையிலும் துரு ஏறாமலிருக்க மெழுகை உருக்கி ஊற்றியிருப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் பெட்டியை முத்திரை திறந்தார். மெழுகைச் சுரண்டி, கழற்றி, மறுபடி மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. “உள்ள ஆளையா வெச்சு அனுப்புறீங்க?” என்று வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். உள்ளே ரேடியோ, காகிதம் சுற்றிய பேட்டரி, வாய் கட்டிய ஒரு துணிப்பை.

“இது என்ன அண்ணே?”

“அரிசி தம்பி. ஈரத்தை இழுத்துக்கும். கடல் தாண்டிப் போகுதில்ல, கம்பிச் சுருள்ல பூஞ்சை பிடிச்சிரும்.”

அதற்குப் பிறகு அவர் பெட்டியை முத்திரை திறந்ததே இல்லை. இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறவர் பெட்டியைப் போய்க் குடைவது மரியாதையில்லை என்று நினைத்தார். நேரமும் மிச்சமானது. இரண்டில் எது முதல் காரணம் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எங்கோ வெளிநாட்டில், சரக்கு விமானத்தில் ஏற்றிய ஓர் அச்சு இயந்திரத்துக்குள் வெடிகுண்டு இருந்ததாம். மறுநாளே கொட்டகையில் எல்லாருடைய நடையும் மாறிவிட்டது. பெட்டிகளைத் தூக்கி எறிகிறவர்கள் அவற்றைத் தூங்கும் குழந்தை போல இறக்கி வைத்தார்கள். வரிசையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்தது. மகனுக்குச் செருப்பு அனுப்ப வந்த ஓர் அம்மாள் பின்னால் திரும்பி, “உங்க பெட்டில என்ன இருக்கு?” என்று கேட்டார். “புத்தகம்மா.” “இவ்வளவு புத்தகத்தை யாரு படிக்கப் போறாங்க?” என்று சந்தேகத்தோடு இரண்டடி தள்ளி நின்றார்.

ஒரு வாரத்தில் ஸ்கேனர் வந்து இறங்கியது. வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அது ரேடியோக்காரரின் பெட்டியிடம் நின்றது. திரையில் கம்பிச் சுருள், பேட்டரி, பக்கத்தில் பொடி போல ஒரு மூட்டை. அபாயச் சங்கு ஊதினார்கள். எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். ஒருவர் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். “என் சாப்பாட்டு டப்பா உள்ள இருக்கு, அதையும் சேத்து வெடிச்சிருவாங்களா?” என்று எடைமேடைக்காரர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டி யாருடையது என்று எப்படியோ கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த ரேடியோக்காரனா? வருவான், ஒரு வார்த்தை பேசாமப் போவான்.”

“பேசாம இருக்கறவனைத்தான் நம்பக் கூடாது.”

போன மாதம் இதே ஆட்கள்தான் அவருக்கு வரிசையில் வழிவிட்டவர்கள். முத்திரை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். மூட்டையில் என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பாதுகாப்பு அதிகாரி ரசீதோடு வந்தார். “முத்திரை உங்களோடதுதானே? திறந்து பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“அப்ப அந்த மூட்டை?”

அரிசி என்ற வார்த்தை வாய் வரை வந்தது. இந்தப் பெட்டியைத் திறக்கவில்லையே, இந்த ஒரு தடவை வேறு ஏதாவது இருந்துவிட்டால் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்துவிட்டது. அப்படி இருந்தால் பார்த்துவிட்டு அனுப்பியது அவர் என்று ஆகும்.

“நான் பாக்கும்போது அது இல்ல சார்.”

மாலையில் பெட்டியை மைதானத்துக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் பீய்ச்சி உடைத்தார்கள். அரிசி சிதறியது. வல்லுநர்கள் விலகிய சிறிது நேரத்தில் காக்கைகள் இறங்கிக் கொத்த ஆரம்பித்தன. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முத்திரையும் சிரித்தார். பிற்காலத்தில் அவர் வாய்விட்டுச் சொல்லக் கூசியது அந்தச் சிரிப்பைத்தான்.

அரிசிதான் என்று தெரிந்த பிறகும், ரேடியோக்காரரைக் கூட்டிப்போன போலீஸ் அவரை விடவில்லை. சன்னல் கிளார்க் பார்க்கும்போது இல்லாத பை பிறகு எப்படி உள்ளே போனது? யார் வைத்தது? இது ஏதாவது ஒத்திகையா? இரண்டு நாள் இதையே கேட்டார்கள். “முதல்லேயே வெச்சேங்க” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். தெரு அவரை விடவில்லை. பழுதுக்குக் கொடுத்தவர்கள் ரேடியோக்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைச் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்.

முத்திரையின் மகள் பள்ளியிலிருந்து வந்து, “அப்பா, அந்த ரேடியோ தாத்தாவுக்கு இப்ப என்ன பேரு தெரியுமா? டைமர் தாத்தா” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “பை இல்லன்னா சொன்னீங்க?”

“நான் பாக்கும்போது இல்ல.”

“போன வருஷம் என் போன் தண்ணில விழுந்தப்ப அரிசிக்குள்ள போட்டு வெச்சீங்களே. ‘ரேடியோக்காரர் கத்துக் கொடுத்தது, பெட்டிக்குப் பெட்டி போடுவாரு’ன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

எட்டாம் நாள் சன்னலில் கூட்டம் குறைந்த நேரத்தில் ரேடியோக்காரர் வந்தார். பையிலிருந்து ஓர் உடைந்த பலகையை எடுத்து வைத்தார். தண்ணீரில் ஊறி உப்பிய மூடி.

“போலீஸ்ல திருப்பிக் குடுத்தாங்க தம்பி. பன்னெண்டு ஸ்க்ரூ இதுலயே இருக்கு. பாருங்க, ஒண்ணுலகூட மெழுகு உடையல.”

முத்திரை பார்த்தார். பன்னிரண்டு தலைகளிலும் மெழுகு வழவழவென்று நிறைந்திருந்தது.

“மெழுகைச் சுரண்டாமத் திறக்க முடியாது. நீங்க திறந்தீங்களா தம்பி?”

முத்திரை ஒரு திருகாணித் தலையின் மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இல்ல அண்ணே.”

“அரிசி போடுறது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவர் பலகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று முத்திரை காத்திருந்தார். “சரி சார்” என்றார் அவர். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக சார். “இதை நான் யார்கிட்டயும் கொண்டுபோய்க் காட்டல. கடைச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். இப்ப சொன்னதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா அவருக்குக் காட்டுவேன்.”

முத்திரை இரண்டு பிரதி எழுதினார். இந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. முதல் பெட்டிக்குப் பிறகு இவருடைய எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை. அரிசிப் பை எப்போதும் உண்டு என்று தெரிந்தும் இல்லை என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டதும் பழக்கத்தில் கை ரப்பர் முத்திரையை எடுத்தது. கீழே வைத்துவிட்டார். ஒன்றை ரேடியோக்காரரிடம் கொடுத்தார். இன்னொன்றை அதிகாரியிடம் கொண்டுபோனார். அந்தப் பலகை வராதிருந்தால் எழுதியிருக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

“ஒரு வார்த்தை, அரிசின்னு சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேய்யா” என்றார் அதிகாரி.

வேலை போய்விடும் என்று பயந்துதான் பொய் சொன்னார். வேலை போகவில்லை. மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு ரப்பர் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு பெட்டிகளைத் திறக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதானா என்று அவருக்கு அது வேறு கூச்சமாக இருந்தது.

ரேடியோக்காரருக்குக் கடை நிலைத்தது. கடிதத்தைக் கடைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேர் படித்துவிட்டு ரேடியோவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பாதிப் பேர் வரவேயில்லை. முத்திரை அந்தச் சந்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போவார். மகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஒருநாள் வந்து, “அப்பா, அது உங்க கையெழுத்துதானே?” என்று மட்டும் கேட்டாள். டைமர் தாத்தா என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஐந்தாவது மாதம் ரேடியோக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். மூடி தனியாக இருந்தது. பதினெட்டுத் திருகாணியும் ஒரு தகர டப்பாவில். முத்திரையின் மேசைமேல் வைத்தார். முத்திரை ரேடியோவை வெளியே எடுத்தார். பேட்டரியின் காகிதத்தைப் பிரித்தார். துணிப்பையின் கட்டை அவிழ்த்தார். அரிசிக்குள் கைவிட்டு அடிவரை துழாவினார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார்.

மூன்றாவது சன்னலில் இப்போது இருந்த இளைஞர் ரப்பர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “பாத்தாச்சா சார்? குத்திரட்டுமா?”

“அவர் பாத்துட்டாரு தம்பி, குத்துங்க” என்றார் ரேடியோக்காரர்.

தம்பி என்றது அந்த இளைஞரை.

மேசைக்காரராகிவிட்ட பழைய முத்திரை திருப்புளியைக் கீழே வைத்தார். “இல்ல, நீங்க எழுந்து வந்து ஒரு தடவ பாத்துருங்க. அதுக்கப்புறம் மூடுறேன்.”