மூன்று போத்தலும் சிலாபம் போன மீன் லொறியும்

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவிலைக்குப் போனேன். அங்குள்ள புனித அன்னம்மா கோயிலில் நேர்த்திக்கடன் தீர்க்கப் போகவில்லை, டொல்பின் பார்க்கவும் போகவில்லை. என் இரட்டைச் சகோதரி பிலோவிடமும் அவள் கணவரிடமும் மலம் வாங்கி வரப் போனேன். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று வருடமாகப் பெருங்குடலில் அழற்சி. பிலோவுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். முகம் மட்டுமல்ல, மரபணுவும் ஒன்றே. கொழும்பில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் இதைக் கேட்டதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குடலில் எந்த நுண்ணுயிர் குடியிருக்கும் என்பதில் மரபணுவுக்கும் ஒரு பங்கு உண்டாம். உதாரணமாக, எனக்கும் பிலோவுக்கும் பால் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் மில்க் டொபியைக் கண்டால் விடமாட்டோம். எங்களைப் போன்றவர்களுக்குச் செரிக்காத பாற்சர்க்கரை பெருங்குடல் வரை போய், அங்கே ஒருவகை நுண்ணுயிருக்கு விருந்தாகிவிடும் என்றார். தன் ஆய்வுக்காக எங்கள் இருவரின் மலத்தையும் கேட்டார். மூன்றாவதாக, பிலோவுக்கு இரத்த உறவில்லாமல் அவளோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறவருடையதும் வேண்டுமாம். மாட்டிக்கொண்டவர் சேவியர் அத்தான்.

புறக்கோட்டையில் காலை ஆறரைக்குக் கல்பிட்டி பஸ் பிடித்தேன். ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர், நாலரை மணித்தியாலம். சிலாபம் வரை தூங்கலாம், ஒன்றும் குறையாது. பாலாவியில் இடப்பக்கம் திரும்பியபின் தூங்காதீர்கள். உப்பளம், காற்றாலை, நுரைச்சோலைப் புகைபோக்கி என்று வந்துகொண்டேயிருக்கும். தலவிலையில் இறங்கும்போது கடற்காற்று பிடரியில் தட்டும். எனக்கு அந்த ஊரில் பிடித்ததே அதுதான்.

பகலுக்கு நண்டுக் கறி. பிலோ எனக்கும் அத்தானுக்கும் அள்ளி வைத்துவிட்டு, தன் தட்டில் பருப்பை மட்டும் ஊற்றிக்கொண்டாள். நண்டென்றால் உயிரை விடுகிறவள் அவள். கேட்டதற்கு, பசியில்லை என்றாள். பிறகு அத்தான்தான் வெளியே வீட்டு வளவுக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார். எனக்கு நோய் வந்த நாளிலிருந்து பிலோ நண்டில்லை, மிளகாயில்லை, சம்பலில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டாளாம். ஒரே உடம்பு, அடுத்தது தன் முறைதான் என்று முடிவே கட்டிவிட்டாளாம். நோய் எனக்கு, பட்டினி அவளுக்கு.

மறுநாள் காலை காரியம் முடிந்தது. அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல் தன் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிட்டார். கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த என் போத்தலோடு மூன்றும் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குள், சுற்றிவர ஐஸ். மறந்துவிடக் கூடாதே என்று பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனேன்.

நான் பட்டணத்துக்காரி என்பது அங்கேதான் வெளிப்பட்டது. அந்தக் கரையில் காலையில் வாசலில் ஐஸ் பெட்டி இருந்தால் அது மீன்தான். லொறிக்காரர் கதவைத் தட்டமாட்டார், தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மிச்சக் கதையெல்லாம் சிலாபம் மீன் சந்தையில். நான் வெளியே வந்தபோது வாசலில் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

இன்னொரு தரம் எடுக்கலாமே என்று பிலோவிடம் சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பக் குடுக்க மாட்டன். அன்னம்மாவுக்கு விருப்பமில்ல. அதுல என்னவோ இருக்குது, எனக்குக் காட்ட வேணாம் எண்டு நினைக்கிறா."

அதன்பிறகு அந்தப் பெட்டியைப் பிடிக்காமல் நான் கொழும்பு போவதாக இல்லை. நான் ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் அத்தான் கடற்கரையிலிருந்தே லொறிச் சாரதி சுமித்துக்கு ஃபோன் போட்டார். மதுரங்குளிச் சந்தியில் நிற்கிறேன், வரச் சொல்லுங்கள் என்றாராம் சுமித். ஊர்க்காரர் ரிஸ்வான் நானாவின் ஓட்டோவில் பிலோவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். நாலாயிரம் ரூபாய். வழி முழுக்க பிலோ செபமாலையை உருட்டினாள், நானாவோ பெட்டிக்குள் என்ன என்று விடாமல் கேட்டார். பாலாவி தாண்டும்போது சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஓட்டோவின் வேகம் கூடியது.

மதுரங்குளியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் லொறி நின்றது. எங்கள் பெட்டி முன் இருக்கையில், வார் போட்டு இறுக்கியபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"தூக்கக்குள்ளயே பாரமில்ல, சிலாபத்துல குடுக்க வச்ச மருந்து எண்டு நெனச்சன் நங்கி," என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொன்னார் சுமித். "ஐஸ் கரைஞ்சு போயிருந்திச்சு. கொஞ்சம் கூட்டிப் போட்டன்."

"நல்ல வேல செஞ்சீங்க," என்றார் ரிஸ்வான் நானா. "சிலாபத்துல ஏலத்துக்கு வந்திருந்தா என்ன மீன் எண்டு சொல்லியிருப்பீங்க?"

விஷயம் விளங்கியதும் சுமித் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நேராகப் பைப்படிக்குப் போனார். பிலோ சிரித்தாள். செபமாலை கையிலிருக்க, கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நாலாயிரம் மலிவு.

தலவிலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: கடல் அமைதியாயிருக்க நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். சன நெரிசல் ஆகாதென்றால் திருநாட்களைத் தவிர்த்துவிடுங்கள். திரும்பும்போது மதுரங்குளியிலும் கொழும்பு பஸ் ஏறலாம், நான் அப்படித்தான் வந்தேன். ஐஸ் பெட்டி கொண்டுபோனால் மடியிலேயே வைத்திருங்கள்.

சோதனை முடிவு வர ஏப்ரலாகிவிட்டது. அந்த மில்க் டொபிக்காரர்கள், அதாவது பாற்சர்க்கரை தின்னும் நுண்ணுயிர்கள், எனக்கும் பிலோவுக்கும் ஒன்றுபோலவே நிறைய இருந்தனவாம். அதில் பிறப்பின் கை தெரிகிறது என்றார் டொக்டர். ஆனால் மற்றப்படி பிலோவின் குடல் என்னுடையதைவிடச் சேவியர் அத்தானுடையதைத்தான் ஒத்திருந்தது. இந்தச் சோதனை நோய் வருமா வராதா என்று சொல்லாது என்பதையும் விளக்கினார். ஒரே கருவில் பிறந்திருந்தாலும் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலும் வருவதுமில்லை என்றார்.

அன்று மத்தியானமே பிலோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப ஒரு சட்டியில சாப்பிட்டாக் குடல் கொஞ்சம் மாறும்?"

கொஞ்சம் மாறலாம், நோய் மாறுமோ தெரியாது என்றேன்.

"ஓம், அது பிறகு பாப்பம். ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு இங்க வா நீ."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் நண்டுக்கால் கடிபடும் சத்தம் கேட்டது.