ஞாயிற்றுக்கிழமை நீர்மூழ்கி

வெள்ளவத்தையில் கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, கொம்பியூட்டரில் கடல் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒழுங்கை முடிவில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். ஆனால் அந்தப் பக்கம் போனால் ஆமிக்காரர் அடையாள அட்டை கேட்பார்கள், எங்கே வந்தாய், ஏன் வந்தாய் என்பார்கள். கடல் பார்க்க வந்தேன் என்றால் எவன் நம்புவான்? அதனால் அண்ணாவும் நானும் பிளாட்டின் முன்னறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டு, நீர்மூழ்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணா என்றால் கூடப்பிறந்தவன் அல்ல. பெரியம்மாவின் ஒரே மகன். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடியிருந்த காலம். பெரியம்மா எங்கெங்கோ அலைந்து பயணப் பாஸ் எடுத்து, அவனைக் கப்பலேற்றி, திருகோணமலை வழியாக எங்களிடம் அனுப்பியிருந்தார். “அங்கையாவது பிள்ளை உயிரோட இருக்கட்டும்” என்றாராம். அம்மாவும் யோசிக்காமல், “என்ர பொறுப்பு அக்கா” என்று சொல்லிவிட்டார். அப்படியொரு வாக்கை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய ஊரா அது?

விளையாட்டு, நுகேகொடையில் ஒரு கடையில் வாங்கிய களவு சீடி. சண்டை இருக்கும் என்று நம்பி வாங்கினோம். உண்மை நீர்மூழ்கியில் எப்படியோ அப்படியே இதிலும் நடக்க வேண்டும் என்று எவனோ ஒரு விசரன் அதைச் செய்து வைத்திருந்தான். மணிக்கணக்கில் வெறும் தண்ணீர். பற்றரி குறையும், காற்றுக் குறையும். எதிரிக் கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று நாங்களே கணக்குப் பார்த்து டோர்பிடோ விட வேண்டும், முக்கால்வாசி தவறிப்போகும். அப்பா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். “இதுக்கே நான் கரண்ட் பில் கட்டுறன்? ஒண்டும் அசையேல்லையே!” என்று விட்டுப் போவார்.

அண்ணா கப்டன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்கடியில் வரும் சத்தங்களைக் கேட்டுச் சொல்கிற ஆள். எதிரிக் கப்பல் தலைக்கு மேல் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அண்ணா அதில் சூரன். கதிரையில் இருந்தபடியே மூச்சை அடக்கிவிடுவான்; என்னையும் இரும விடமாட்டான். ஆனால் பயணிகள் கப்பலைக் கண்டால் மட்டும் அடிக்கவே மாட்டான். “அது சனம் வாற கப்பலடி. கம்பியைப் பிடிச்சு, ஓங்காளிச்சுச் சத்தி எடுத்துக்கொண்டு நிக்குங்கள், பாவம்,” என்பான். தான் வந்த கோலத்தைத்தான் சொன்னான்.

ஒருநாள் காலை ஆமியும் பொலிசும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் மரியாதையாகவே கதைத்தார்கள். அண்ணாவுக்குப் பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது, அதுவும் சரிதான். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினார். சின்ன விசாரணை, பின்னேரம் அனுப்பிவிடுவோம் என்றார்கள். அண்ணா செருப்பைத் தேடினான். ஒன்று கதிரைக்கடியில் கிடந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா வாசலில் நின்று, “அவன் இன்னும் சாப்பிடேல்லை, சாப்பிடேல்லை,” என்று தமிழிலேயே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வரவில்லை. அப்பா ஒவ்வொரு பொலிஸ் ஸ்டேஷனாக ஏறி இறங்கினார். புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு லோயர், கொட்டாஞ்சேனையில் பெரிய இடத்தில் பழக்கமுள்ள யாரோ ஒருவர் என்று அலைந்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவில்லை. அண்ணா இன்றுவரை வரவில்லை.

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில், அங்கே ஒரு தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று, எங்களுக்குக் கோல் எடுப்பார். அந்த முதல் ஞாயிறு போன் அடித்தபோது அம்மா அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஓடிப் போய் அந்தக் கேமைப் போடு. சத்தத்தைக் கூட்டு,” என்றார். கொம்பியூட்டர் வாங்கிய நாளிலிருந்து சத்தத்தைக் குறை என்றே கேட்டு வளர்ந்தவள் நான். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு முழுச் சத்தமும் வைத்தேன்.

“ஓம் அக்கா, சுகமாயிருக்கிறம். அவனோ? உங்களுக்குக் கேக்குதெல்லோ! கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்புறானில்லை,” என்று அம்மா சிரித்தார். போனை வைத்ததும் குளியலறைக்குள் போய் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

பெரியம்மாவுக்கு இருதய வருத்தம், அண்ணா வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மாவும் அப்பாவும் பேசி வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வேலை வந்தது. கப்டன் இல்லாமல் நான் எங்கே ஓட்டுவது? எதிரி வந்து குண்டு போட, நீர்மூழ்கி நெரிந்து மூழ்கும். ஒருமுறை அந்தக் குண்டுச் சத்தம் போனுக்குள் போய்விட்டது. அம்மா பதறிப்போய், “கேம் அக்கா, கேம்தான்! இங்க ஒண்டுமில்லை!” என்று கத்தினார். அதற்குப் பிறகு எதிரியே இல்லாத நடுக்கடலில் எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். தண்ணீர்ச் சத்தம், எஞ்சின் இரைச்சல், இடைக்கிடை யாரோ மாலுமி ஏதோ சொல்வான். அவ்வளவுதான். எனக்கு அலுப்பாக இருந்தாலும், பெரியவர்களின் ஒரு பெரிய காரியத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததில் தலைக்கனம் ஏறியிருந்தது.

மழை காலத்தில் ஒரு ஞாயிறு. அம்மாவும் அப்பாவும், ஏதோவொரு தடுப்பு முகாமில் அண்ணாவின் சாயலில் ஒருவனைக் கண்டதாக யாரோ சொல்லக் கேட்டு, விடியவே போய்விட்டார்கள். மத்தியானம் போன் அடித்தது. முதலில் கேமைப் போட்டேன். பிறகுதான் எடுத்தேன்.

“அம்மா இல்லையே குஞ்சு?”

“கடைக்குப் போயிட்டா பெரியம்மா.” அடுத்ததற்கும் தயாராகவே இருந்தேன். “அண்ணா விளையாடுறார். இப்ப எழும்ப ஏலாது, எதிரிக் கப்பல் மேல நிக்குது. கூப்பிடட்டோ?”

கூப்பிடச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. பெரியம்மா அவசரமாக, “வேண்டாம், வேண்டாம். கூப்பிடாத. விளையாடட்டும்,” என்றார். பிறகு கேட்டார்: “அந்தச் சத்தத்துக்குக் கிட்ட போனைக் கொஞ்சம் பிடிக்கிறியே, குஞ்சு?”

போனின் வயர் எட்டாது. மேசையிலிருந்த ஸ்பீக்கரை இழுத்து அருகில் கொண்டுவந்து, ரிசீவரை அதோடு சேர்த்துப் பிடித்தேன். கடல் இரைந்தது. எஞ்சின் ஓடியது. என் கை நோவெடுத்தது. காதில் வைத்துப் பார்த்தபோது பெரியம்மா இன்னும் லைனில் இருந்தார். மூச்சு மட்டும் கேட்டது. திரும்பவும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். லைன் அறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அம்மாவும் அப்பாவும் நனைந்து வந்தார்கள். அது அண்ணா இல்லையாம். நான் என் வெற்றியைச் சொல்ல வாசலுக்கே ஓடினேன்.

“அவனைக் கூப்பிடச் சொன்னவவோ?” என்று அம்மா கேட்டார்.

“இல்லையம்மா. கூப்பிடாத எண்டு அவவே சொன்னவ. சத்தத்தை மட்டும்தான் கேட்டவ.”

அம்மா ஈரச் சேலையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் இவ்வளவு திறமாகச் சமாளித்திருக்கிறேன், ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மா சுத்த அப்பாவி, எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே போய்க் கொம்பியூட்டரை நிறுத்தினேன்.