மலைப் பையும் மாமாவோட ஹெல்மெட்டும்

பேக் கடை வச்சிருக்கிறவங்க பேக்கைப் பத்திப் பேசறதை விடத் தண்ணியைப் பத்திப் பேசறதுதான் ஜாஸ்தி. துணிக்கடையில சாயம் போகுமான்னு கேப்பாங்க, செருப்புக்கடையில எத்தனை மாசம் உழைக்கும்னு கேப்பாங்க. எங்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி, "நனையுமா, நனையாதா?" அதுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. கல்லாவுக்குப் பின்னாடி நின்னு பாத்தவங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

மூணாவது ரேக்

கடை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. எங்க வீட்டுக்காரர் பாலுவும் அவரோட அண்ணன் தங்கராசுவும் சேர்ந்து நடத்துறாங்க. அண்ணனை நான் பெரிய மாமான்னு கூப்பிடுவேன். சேர்ந்து நடத்துறதுன்னா பெரிய மாமா சொல்லுவார், இவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். கடையில மூணு ரேக். ஒண்ணுல ஸ்கூல் பேக், இன்னொண்ணுல கல்யாணச் சூட்கேஸ். மூணாவது ரேக்குல விக்காத பழைய சரக்கு தூசி அடைஞ்சு கெடந்தது. அதைத்தான் நான் கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூர் பக்கம் ஒரு பேக் கம்பெனியில தையல் செக்‌ஷன்ல இருந்தவ நான். மலையேறுறவங்க முதுகுல மாட்டுற பெரிய பேக்தான் அங்க தைப்போம். தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டுறது, ஜிப்பு மேல தண்ணி படாம மடிப்பு வைக்கிறது, மேல போத்துற மழைக் கவர் தைக்கிறது எல்லாம் கை பழகின வேலை. அந்த வேலையை விட்டுட்டு இங்க சில்லறை மாத்திக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு மனசே வரலை. மூணாவது ரேக்குல மலையேறுற பேக் வச்சு விக்கிறேன்னு ஆடி மாசம் துணிஞ்சு கேட்டேன். பெரிய மாமா யோசிச்சு, கார்த்திகை தீபம் வரைக்கும் தவணை குடுத்தார். அதுக்குள்ள ரேக் அதோட சோத்தை அதுவே சம்பாதிக்கணும், இல்லைன்னா அந்த எடத்துல ஹெல்மெட் வந்துடும்னு சொல்லிட்டார். கூடவே ஒண்ணு சொன்னார்: "பச்சமலைக்குப் போறவன் காலையில மஞ்சப்பையோட போயி மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடுறான். அவனுக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய மூட்டை?"

ஒரு சொம்புத் தண்ணி

மொத கிராக்கி செந்துறைக்காரர். முந்திரிக் காடு வச்சிருக்கிறவர். பர்வதமலை ஏறப் போறாராம். பேக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். துணிக்கு உள்பக்கம் பூச்சு இருக்கு, தூறல் விழுந்தா உருண்டு ஓடிடும்னு சொன்னேன். நல்ல மழைன்னா மேல கவர் போடணும். அதுக்கும் மேல பயமா இருந்தா உள்ள ஒரு பெரிய பாலித்தீன் பையை விரிச்சு, துணிமணியை அதுக்குள்ள வச்சு, வாயைச் சுருட்டிக் கட்டிடணும். முழுசா தண்ணியில முங்குனா மட்டும் தாங்காதுன்னு அதையும் சொல்லிட்டேன். "நனையவே நனையாது"ன்னு அடிச்சு விட்டிருக்கலாம்தான். அப்புறம் ஈரத் துணியோட வந்து கடை வாசல்ல நிப்பாங்களே, அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?

அவருக்கு என் பேச்சுல நம்பிக்கை வரலை. குடிக்க வச்சிருந்த சொம்பை எடுத்தார். வெளியில ஊத்துவாருன்னு பாத்தா, ஜிப்பைத் தொறந்து உள்ள ஊத்திட்டார். அடித் தையல் வழியா சொட்டு சொட்டா வடிஞ்சது. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "மழை பேக்குக்கு வெளியிலதாங்க பெய்யும்"னு சொல்லிட்டு, அதே பேக்குல வெளிப்பக்கம் நான் ஒரு சொம்பு ஊத்திக் காட்டினேன். தண்ணி உருண்டு தரைக்குப் போனதைப் பாத்து அவர் முகம் கொஞ்சம் இளகுச்சு. ஆனாலும் விடலை. "ஆத்துல வுழுந்தா?"ன்னார். "ஆத்துல வுழுந்தா உங்களைப் பாருங்க, பேக்கை எதுக்குப் பாக்குறீங்க?"ன்னு கேட்டேன். பையை மாட்டிக்கிட்டே சொன்னார்: "நான் வுழுந்தா எம் பொண்டாட்டி மொதல்ல பேக்கைத்தாங்க தேடுவா."

கவர்ல ஓட்டை

விக்கிரமங்கலம் என் அம்மா வீட்டு ஊரு. அங்க பஞ்சர் கடை வச்சிருக்கிற ஆறுமுகண்ணன் ஊருக்காரப் பொண்ணு கடையாச்சேன்னு வந்து ஒரு பேக்கும் கவரும் வாங்கிட்டுப் போனார். கவருக்கு அடியில கட்டை விரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். முதுகுப் பக்கமா வழிஞ்சு கவருக்குள்ள எறங்குற தண்ணி வெளிய போறதுக்கு வச்ச வழி அது. அவர் மறந்துடுவாரோன்னு அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னேன். நல்லா தலையாட்டிக் கேட்டுக்கிட்டார்.

சதுரகிரி போயிட்டு நேரா கடைக்கு வந்தார். கவருக்கு அடியில பசு மாட்டு மடி மாதிரி தண்ணி தொங்கினதாம், இடுப்பு விட்டுப் போச்சாம், பேக்கு அடிப்பாகம் அந்தத் தண்ணியிலயே ஊறிக் கெடந்துச்சாம். கவரை வாங்கிப் பாத்தேன். ஓட்டை இருந்த எடத்துல சைக்கிள் ட்யூப் வெட்டி, சொல்யூஷன் போட்டு, அழகா பஞ்சர் ஒட்டியிருக்கார். ஒட்டின பக்குவத்தைக் கொற சொல்ல முடியாது, நான் நகத்தால கீறிப் பாத்தும் வரலை. "ஏண்ணே, நான்தான் சொன்னேனே?"ன்னேன். அவர் வருத்தப்படாம சொன்னார்: "ஓட்டையைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா, பொறந்ததுலேருந்து அடைச்சுத்தான் பொழைக்கிறேன்."

கடல்ல கெடந்த கல்லு

ஐப்பசியில ஒரு காலேஜ் பொண்ணு வந்தா. காரைங்கிற ஊருப் பக்கம் ஓடைக் கரையில கல்லு பொறுக்கி ஆராய்ச்சி பண்றவ. பேக்கை எறக்கி வச்சப்போ தரையே அதிர்ந்துச்சு. உள்ள எல்லாம் கல்லு, ஒவ்வொண்ணும் பேப்பர்ல சுத்தி. சங்கு மாதிரி ஒண்ணு, நத்தை மாதிரி ஒண்ணு. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம், அதுக்கடியில கெடந்ததெல்லாமாம். பேப்பர் நனைஞ்சா எந்தக் கல்லு எங்க எடுத்ததுன்னு எழுதினது அழிஞ்சிடும், அதனால சொட்டுத் தண்ணி எறங்காத பேக் வேணும்னா. நல்ல தடியான துணியில ஒண்ணு எடுத்து, உள்ளுக்குப் பாலித்தீன் பையும் போட்டு அனுப்பினேன். அவ போனதும் எங்க வீட்டுக்காரர், அபூர்வமா வாயைத் தொறக்கிற மனுஷன், சொன்னார்: "அத்தனை காலம் கடல்லயே கெடந்துட்டு, இப்போ தூறலுக்குப் பயப்படுது பாரு."

சொல்ல வேணாம்னாரு

தீபாவளிக்கு ஸ்கூல் பேக்கும் சூட்கேஸும் வித்துப் போச்சு. என் ரேக் பாதிக்கு மேல அப்படியே நின்னுச்சு. பெரிய மாமா ஒரு நாள் டேப் கொண்டாந்து ரேக்கோட நீள அகலம் அளந்துட்டுப் போனார். ஹெல்மெட் எத்தனை அடுக்கலாம்னு பாக்கத்தான். நான் சூட்கேஸ் தொடைக்கிற மாதிரித் திரும்பிக்கிட்டேன். அழுகை வந்துடுச்சு, அதை மறைக்க ஒண்ணுமில்லை. கை வேலை தெரிஞ்சும் அது இந்த ஊருக்கு ஆகாதுன்னு ஆயிடுமோன்னு பயம்.

கார்த்திகை ஒண்ணாம் தேதி பெரிய மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டார், வருஷா வருஷம் போடுறதுதான். மாலை போட்டா ஆளே வேற. கருப்பு வேட்டி, செருப்பு கிடையாது, கோவம் கிடையாது, பொய் கிடையாது. எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடணும், நாங்களும் அவரைச் சாமின்னுதான் கூப்பிடணும். கடை மொத்தம் நிம்மதியா மூச்சு விடற காலம் அது. போன வருஷம் காட்டு வழியா நடந்து போனப்போ மழையில மாட்டி, மாத்துத் துணியும் பிரஷர் மாத்திரையும் கஞ்சியாப் போயி, காய்ச்சலோட வந்து படுத்தவர்.

மாலை போட்ட அந்த வாரம் என் ரேக்குல ஒரு பேக்கும் கவரும் காணோம். வீட்டுக்காரரைக் கேட்டேன், வழக்கமான தலையாட்டலும் இல்லை, சீலிங் ஃபேனைப் பாத்தார். ஞாயித்துக்கிழமை நல்ல மழை. எதிர்ல பாத்தா, காட்டு வழிக்குக் கால் பழகணும்னு வாலிகண்டபுரம் கோயில் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வர்ற சாமிங்க கூட்டம், தொப்பலா நனைஞ்சு. நடுவுல பெரிய மாமா. முதுகுல என் பேக்கு, மேல என் கவரு, கீழ ஓட்டை வழியா தண்ணி ஒழுங்கா ஒழுகிக்கிட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் குளுந்தது. ஆனா பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன்.

மறுநாள்லேருந்து சாமிங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் அதே மாதிரி பேக்கு, அதே கவரு. யாருங்க சாமி அனுப்பினாங்கன்னு ஒருத்தரைக் கேட்டேன். அவர் பாவம் நெளிஞ்சார், மாலையைத் தொட்டுக்கிட்டார், அவருக்கும் பொய் சொல்லக் கூடாதே. "தங்கராசு சாமிதாங்க. அவரு சொன்னதா சொல்ல வேணாம்னாரு."

தீபத்தன்னிக்கு

தீபத்தன்னிக்குக் காலையில ஹெல்மெட் கம்பெனி ஆளு டெம்போவோட வந்து எறங்கிட்டார். பெரிய மாமா ரேக் முன்னாடி நின்னார். தீபாவளிக்கு நின்னதுல பாதிதான் இப்போ ரேக்குல மிச்சம், ஆனா சொன்ன சொல்லை மாத்துற மனுஷன் இல்லை அவர். வீட்டுக்காரர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன். இதை விட்டா வேற நாள் கிடையாதுன்னு தோணுச்சு. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி போனேன்.

"சாமி சரணம். ஒரே ஒரு கேள்வி சாமி. வாலிகண்டபுரத்துலேருந்து வந்தப்போ பேக்குக்குள்ள வச்சிருந்த துண்டு நனைஞ்சுதா?"

பெரிய மாமா ரேக்கைப் பாத்தார், ஹெல்மெட்காரரைப் பாத்தார். வாய் ஏதோ சொல்ல எடுத்துச்சு, கை மாலைக்குப் போச்சு. சாதாரண நாளா இருந்தா, யாரு பேக்கை எடுத்தான்னு என்னையே திருப்பிக் கேட்டிருப்பார். "நனையலை சாமி"ன்னார், ரொம்ப மெதுவா. அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "மாத்திரையும் நனையலை"ன்னு அவராவே சேர்த்துச் சொன்னார். அந்த ரெண்டாவது பதிலை நான் கேக்கவே இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஹெல்மெட்காரர் ஒண்ணும் புரியாம, சரக்கை எங்க சாமி எறக்கட்டும்னு கேட்டார். பெரிய மாமா வாசல்ல சன்ஷேடுக்குக் கீழ இருந்த கம்பியைக் காட்டினார்: "அங்க தொங்க விடுங்க சாமி. ஹெல்மெட்டு நனைஞ்சா ஒண்ணும் ஆவாது, உள்ள இருக்கிறது நனையாத சரக்கு."

மாலையைக் கழட்டினதும் மாமா பழையபடி கத்த ஆரம்பிச்சுட்டார், அதனால அடுத்த கார்த்திகை ஒண்ணாம் தேதிக்கு மலைக்குப் போற சாமிகளை விட நான்தான் ஆவலாக் காத்துக்கிட்டிருக்கேன், கடையில இன்னும் ரெண்டு ரேக் பாக்கி இருக்கு.