பொட்டு வைத்த சுவிட்ச்

மாசாணியம்மாள் வீட்டுக்கு வழி கேட்டால் கணபதி ஏரியாவில் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். "மொட்ட மாடில கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குமே, அந்தம்மா ஊடுங்களா?" லேத்துப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் அவள் வீடு. பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருமுறை அமெச்சூர் ரேடியோ பரீட்சைக்கு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனவள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் எழுதி வைத்தாள். லைசென்ஸ் வந்துவிட்டது. பொழுதுபோக்காக, காசு பணம் எதுவும் வாங்காமல், வானலையில் ஊர் உலகத்தோடு பேசிக்கொள்ள அரசாங்கம் தருகிற அனுமதி அது. கணவர் காளிச்சாமி அப்போது பட்டறையெல்லாம் சொல்லித் திரிந்தார்: "பேசறதுக்கு லைசென்ஸ் வாங்குன பொம்பள எங்கூட்டுல மட்டுந்தான்."

அமெச்சூர்களுக்கென்றே சில சின்னச் சாட்டிலைட்டுகள் சுற்றுகின்றன. ஒன்று தலைக்கு மேலே கடந்துபோகிற பத்து நிமிடத்துக்குள் கீழேயிருந்து பேசினால், அது வாங்கித் திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் அதன் பார்வைக்குள் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். மாசாணியம்மாளிடம் இரண்டு ஆன்டெனா இருந்தன: பேசுவதற்குக் குட்டையாக ஒன்று, கேட்பதற்கு நீளமாக ஒன்று. பேசுகிற ஆன்டெனா பரம சாது. கேட்கிறதுதான் உயிரை வாங்கும். சாட்டிலைட் உருண்டுகொண்டே போவதால் அதன் அலை ஒரு நேரம் நின்றாற்போல் வரும், ஒரு நேரம் படுத்தாற்போல் வரும். கம்பியை அதற்குத் தக்கபடி திருப்பாவிட்டால் குரல் இரைச்சலில் முங்கிவிடும். அதனால் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியில் நின்று, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வானத்தைத் துழாவுவாள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

காளிச்சாமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபிறகு அது வேடிக்கையாக இல்லை. நாள் முழுக்க அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்து, அவர் குழறிச் சொல்வதைப் புரிந்துகொண்டு, புரியாததற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு இருப்பவளுக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் சொந்தம். மேற்கே மருதமலை தெரியும். காற்று வரும். காரமடை தபால் ஆபீசில் வேலை பார்க்கும் பத்மாவதி, "மாசாணிக்கா, உங்க பக்கம் வானம் எப்படிங்க்கா?" என்று கேட்பாள். காரமடைக்கு ஒரு பஸ் ஏறினால் முடிந்தது, அதற்கு எதற்கு விண்வெளிவரை போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பஸ் ஏறுவதற்கு முதலில் வாசலைத் தாண்ட வேண்டுமே!

அந்த மாடியும் ஒரு சாயங்காலம் போயிற்று. அவள் மேலே நின்றபோது கீழே காளிச்சாமி தானாக எழுந்திருக்கப் பார்த்து, கட்டில் காலில் மோதி விழுந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து அவள் படியில் கால் வைத்தாலே கத்த ஆரம்பித்தார். பெருந்துறையில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் இனியா போனில் பொரிந்து தள்ளினாள். "அம்மா, அப்பாவ உட்டுப்போட்டு உங்களுக்கு மாடில என்ன வேல? அந்தக் கம்பியத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. மாசாணியம்மாளுக்கு வரவில்லை. அவள் யோசித்தாள். மாடிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதானே? கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்கிற மாதிரி ஆன்டெனாவை மாற்றிவிட்டால்?

கேட்கிற ஆன்டெனாவின் குழாயிலேயே இன்னொரு வரிசை அலுமினியக் கம்பிகளைக் குறுக்காகப் பூட்டினாள். ஒரு வரிசை நிற்கும், ஒரு வரிசை படுக்கும். இரண்டையும் அளவெடுத்து வெட்டிய கேபிள் துண்டால் இணைத்தால், அலையைச் சுழற்சியாக வாங்கும். நடுவில் ரிலே என்கிற மின்சார மாற்றுச் சுவிட்ச் ஒன்றை வைத்தால் வலச்சுழற்சி, இடச்சுழற்சி என்று வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கேபிளைத்தான் முதலில் தப்பாக வெட்டினாள். காற்றில் போகிற வேகத்தில் கேபிளுக்குள் அலை போகாது, மெதுவாகத்தான் போகும். அதற்குக் கணக்குப் போட்டுத் துண்டைக் குட்டையாக வெட்ட வேண்டும். வருசக்கணக்காக மாணவிகளுக்குச் சொன்னதைத் தானே மறந்துபோனாள். ரிலேயைச் சோப்பு டப்பாவுக்குள் வைத்து அடைத்து, டிஷ் திருப்பும் பழைய மோட்டார் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, வயரைச் சுவரில் இருந்த வென்டிலேட்டர் ஓட்டை வழியாகக் கீழே இறக்கினாள். காளிச்சாமி தூங்கும் நேரங்களில்தான் இத்தனையும் நடந்தது.

பேசுகிற ஆன்டெனாவையும் பக்கத்திலேயே நட்டுவைத்தாள். அதற்கு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

வயரின் முனையில் ஒரு தொங்கு சுவிட்ச். அதைக் கையில் வாங்கிப் பார்த்த காளிச்சாமியிடம் என்ன விவரம் என்று சொன்னாள். முப்பது வருசம் லேத்தில் நின்று திருகு மரை வெட்டிய மனிதர். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"ரைட் திரெட்டு, லெப்ட் திரெட்டு. மாறிப்போச்சுன்னா நட்டு ஏறாது. அதான அம்மணி?"

"அதேதானுங்க."

நோய் வந்தபிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. சுவிட்சை நானே பிடிக்கிறேன் என்றார். இடது கைக் கட்டைவிரல் தடவிக் கண்டுபிடிக்க வாகாக, வலப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக் கொடுத்தாள். குரல் மங்கும்போது அவர் அழுத்துவார், பத்மாவதி பளிச்சென்று வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும், "பாத்தயா?" என்று கேட்பார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சுவிட்சைக் காட்டினார். மாசாணியம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிரத்தான் செய்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. இனியா வந்து, மாடியில் இருந்த துணிக்கொடியைப் பின்பக்க நடைக்கு மாற்றிக் கட்டிவிட்டுப் போனாள். மாடிக் கதவு பூட்டப்பட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "சும்மா ஒரு எட்டு மேல போயிட்டு வந்தர்றனுங்க" என்றாள்.

"மேல எதுக்கு அம்மணி?" என்றார் காளிச்சாமி. அன்பாகத்தான் சொன்னார். "எல்லாத்தையுந்தான் கீழயே கொண்டாந்துட்டயே."

தனக்கென்று இருந்த ஒரே வாசலையும் தானே அளவெடுத்து, சால்டர் ஈயம் வைத்து அடைத்துப்போட்டோமே என்று அடுப்படியில் நின்று அழுதாள். அடுத்த முறை, "உங்க பக்கம் வானம் எப்படிங்க்கா?" என்று பத்மாவதி கேட்டபோது, தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம். கஞ்சியை ஆற்றிக்கொண்டே ரேடியோவைப் போட்டாள். சாட்டிலைட் தெற்கேயிருந்து ஏறியது. காளிச்சாமியின் விரல் பொட்டின் மேல் இருந்தது. பத்மாவதி குரல் கணீரென்று வந்தது.

"மாசாணிக்கா, ஞாயித்துக்கெழம நாங்க அஞ்சாறு பேரு வால்பாறை போறமுங்க்கா. ரிசர்வ்டு வேனு. மலமேல ஆன்டெனா வெச்சு நாள் பூராம் பேசறதுக்கு. ஒரு சீட்டு இருக்குது. நீங்க வாரீங்களா? இப்பவே சொல்லுங்க, இல்லாட்டி…"

அத்தோடு குரல் அறுந்தது. வெறும் இரைச்சல்.

மங்கிப் போகவில்லை, வெட்டினாற்போல் நின்றது. மாசாணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். சுவிட்சில் பொட்டு தனியாகத் தெரிந்தது. கட்டைவிரல் மறுபக்கத்தில் அழுந்திக் கிடந்தது. நகம் வெளுத்திருந்தது.

அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சேட்டலைட்டு போயிருச்சு" என்றார்.

போகவில்லை. உச்சிக்குக்கூட இன்னும் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும், தினமும் கூட உட்காருகிற அவருக்கும் தெரியும். அந்தக் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. கட்டில் காலில் மோதி விழுந்த அன்று இருந்த அதே பயம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை நாளும் அவள் அடங்கிப் போயிருந்தாள். இப்போதும் "ஆமாங்க, போயிருச்சு" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

போனில் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். போன மாதமும் பத்மாவதி போனில் எதற்கோ கூப்பிட்டாள். பக்கத்தில் இவர் படுத்திருக்க, அவருக்கு இது, எனக்கு அது என்று காரணம் அடுக்கி, கடைசியில் வரவில்லை என்றாள். போனில் காரணம் சொல்ல நேரம் நிறைய. இங்கே ஒரு சொல்லுக்குத்தான் இடம். சொல்லிவிட்டால் இலங்கைவரைக்கும் கேட்கும், மாற்றிப் பேச முடியாது.

சுவிட்சை அவர் கையிலிருந்து அவள் பிடுங்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மைக்கை எடுத்து அழுத்தினாள்.

"பத்மா, நீங்க பேசறது எனக்குக் கேக்கலீங்க. நான் பேசறது உங்களுக்குக் கேக்கும். ஞாயித்துக்கெழம நான் வாரேனுங்க. சீட்டு எனக்குத்தான். வாரேன்."

மைக்கை வைத்துவிட்டாள். அறையில் இரைச்சல் மட்டும். காளிச்சாமி சுவிட்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்காது" என்றார். "நாந்தான் லெப்ட்டுல வெச்சிருக்கறனே."

"அது நமக்குக் கேக்கறதுக்கு வெச்ச சுவிட்சுங்க" என்றாள் மாசாணியம்மாள். "பேசறதுக்கு நான் சுவிட்ச் எதும் வெக்கல."

அவர் கண்ணோரம் நீர் கோத்துக்கொண்டது. அவள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. "இனியாள வரச் சொல்றனுங்க, ராத்திரிக்குள்ள நான் வந்துருவேன்" என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கஞ்சியைக் கலக்கி ஒரு கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதுவரை கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.