பால் மறக்கட்டும்

தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையில் எனக்கு வேலை. பரமசாதுவான எலிகூட, குட்டி போட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் பிசாசுதான். கூண்டைத் திறந்தால் கையுறையைக் கிழித்துக்கொண்டு கடிக்கும். வேற்று ஆண் எலி உள்ளே போனால் விலாவைக் குதறிவிடும். குட்டி உறிஞ்ச உறிஞ்சத் தாயின் மூளையில் ஹார்மோன் மாறுகிறது, தூங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பார் எங்கள் பேராசிரியர்.

கடிபடாமல் வேலை பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். காலையிலேயே குட்டிகளை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுவோம். மத்தியானத்துக்குள் தாயின் வெறி இறங்கிவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் கூண்டுக்குள் கையை விடலாம்.

என் இரண்டாவது மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, விவேக் நகரிலிருந்து என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் காக்ஸ் டவுனுக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தம்பியின் இரண்டாவது பிள்ளையை அண்ணனுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கமாம். முடியாது என்று வயிற்றில் இருக்கும்போதே சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்?

மாமியார் என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "ரெண்டே நாளு அங்க இருக்கட்டும்மா. அப்புறமும் மனசு வரலைன்னா நீயே போயி தூக்கிட்டு வா. சும்மா எதுக்கு கலாட்டா?"

"ரெண்டு நாள்தானே, விடேன்" என்றார் என் கணவர்.

இரண்டு நாளில் எனக்கு இந்தக் கோபம் இறங்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பழையவள்தான் மிஞ்சுவாள். அவளிடம் கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். துப்புக்கெட்டவள், அவளை எனக்குத் தெரியாதா?

மாமியார் ஆட்டோவில் கால் வைக்கும்போது பாய்ந்து கொண்டையைப் பிடித்து இழுத்தேன். மறுகையால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். கணவர் என் முதுகில் ஓங்கி அறைந்தார். அவர் முன்கையில் பல்லை இறக்கினேன். ரத்தம் வந்தது, விடவில்லை. ஆட்டோக்காரர், "பேடம்மா, பிடம்மா" என்று, விட்டுவிடச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினார்.

"ஐயோ, பேய் புடிச்சிருக்கு! ஃபாதரைக் கூப்பிடுங்கடா!" என்று மாமியார் அலறினார்.

உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். வெளியே கணவரின் அண்ணன் தம்பியைச் சமாதானப்படுத்துவது கேட்டது. "பால் குடிக்கிற பிள்ளைடா, அதான் இப்படி ஆடுறா. பால் மறக்கட்டும், அப்புறம் வந்து பேசிக்கலாம்."

நான் மறக்கடிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு யூனிஃபார்மோடு ஓடிவந்து குடிப்பாள். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.